வானலை யாருடைய சொத்து?

தொலைக்காட்சி வெறும் வாணிபமா, அன்றி மக்களுக்கு ஆற்றவேண்டிய தொண்டா? இந்த வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதாகச் சிலர் கருதுகின்றனர். தனியார் அலைவரிசைகள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்ட இந்நாளில் தூர்தர்ஷன் எதற்கு என்பது அவர்தம் வாதம். பார்ப்போர் தொகை குறைந்த ஒரு நிலையத்துக்குப் பொதுப்பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்றும் அவர்கள் கேட்கின்றனர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

முதலில் உரிமையைப் பற்றிப் பேசுவோம். கிரிக்கெட் ஒளிபரப்புத் தொடர்பான வழக்கொன்றில், வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அரசும் அவற்றுக்கு ஏகபோக உரிமை கொண்டாட முடியாது; பொதுநலனைக் கருதியே அவை பயன்படுத்தப்பட வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். வானலை ஊர்ப் பொதுக்குளத்தைப் போன்றது. அதில் நீர் மொள்ளும் உரிமை பெற்றவர், குளத்தைக் காக்கும் கடமையினின்றும் நழுவ முடியாது. தனியார் நிலையங்களுக்கும் இது பொருந்தும்.

1959 செப்டம்பர் 15ஆம் நாள் டெல்லியில் தொடங்கிய நம் தொலைக்காட்சி, 1967 ஜனவரியிலேயே உழவர்க்கென ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி, வேளாண்மை, நலவாழ்வுச் செய்திகள் எட்டின. அதே ஆகஸ்டில் சென்னை நிலையம் எழுந்தது. ‘வயலும் வாழ்வும்’ நம் உழவர்களை நாடி வந்தது. அந்தச் சிற்றூர் மக்களில் எத்தனை பேருக்கு விளம்பரப் பொருள்களை வாங்கும் வசதி இருந்தது? வாங்கும் திறனைக் கொண்டு மனிதரை எடைபோடாததே பொதுத் தொலைக்காட்சியின் பெருமை. செவிப்புலன் இழந்தோர்க்குச் சைகை மொழியில் செய்தி சொல்வதற்கு எந்த வணிகக் கணக்கு இடந்தரும்?

ஆயின், வாணிப மனப்பான்மை வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று. 1976 ஜனவரியிலேயே தூர்தர்ஷனில் விளம்பரங்கள் புகுந்தன. 1992இல் ஜீ, 1993இல் சன் எனத் தனியார் அலைவரிசைகள் வந்தபோது, தூர்தர்ஷன் தன் வழியில் உறுதியாக நின்றிருக்க வேண்டும். அதைவிடுத்து, மெட்ரோ என்னும் கேளிக்கை அலைவரிசையை 1993இல் தொடங்கி அவர்களுடைய களத்தில் இறங்கியது. விளைந்தது என்ன? பத்தாண்டுகளில், 2003இல், அந்த அலைவரிசையே மறைந்தது. பிறரைப் போல ஆக முயன்றவன் தன்னையும் இழந்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தூர்தர்ஷன் அரசின் ஊதுகுழல் என்பாரும் உளர். அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறியும், 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்றும் அந்த அமைப்பு தன் செலவுக்குப் பெரும்பாலும் அரசின் கையையே எதிர்பார்த்து நிற்கிறது. ஆனால், நோய் கண்டவனுக்கு மருந்து தருவதா, குழி தோண்டுவதா? சுதந்திரம் இல்லை என்பது அதைப் பெற்றுத்தருவதற்கான காரணமே ஒழிய, நிலையத்தை மூடுவதற்கான காரணமாகாது.

விளம்பரப் பணத்தைத் தொட்டாலே தொண்டு கெட்டுவிடும் என்று நாம் சொல்லவில்லை. பிரிட்டனில் 1955இல் வணிகத் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் தரத்தை 1962இல் பில்கிங்டன் குழு கடுமையாகக் குறைகூறியது. பிபிசிக்கு இரண்டாம் அலைவரிசை தரவும் பரிந்துரைத்தது. 1964இல் அது வந்தது. 1982இல் தொடங்கிய சேனல் 4, விளம்பர வருவாயில் இயங்கியும் பொதுவுடைமையாகவே நிற்கிறது. பிறர் கவனியாத சுவைகளையும் சிறு குழுவினரின் தேவைகளையும் கவனிக்கும் பொறுப்பைச் சட்டமே அதற்கு விதித்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதோடு, அதை எந்த நோக்கத்துக்குச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதும் முக்கியம் என்பதை இதனால் அறியலாம்.

நம் நாட்டிலும் தனியார் நிலையங்கள் நாள்தோறும் 30 நிமிடம் பொதுநல நிகழ்ச்சிகளை ஒளிபரப்ப வேண்டும் என 2022 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அந்த முப்பது நிமிடம் எப்போது வருகிறது, எதைச் சொல்கிறது என்று நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்?

ஆகவே நாம் கோருவன மூன்று. பிரசார் பாரதிக்கு ஆட்சியாளரின் தயவை நாடாத நிலையான நிதி வேண்டும். அதன் செய்திப்பிரிவு ஆளுங்கட்சியின் நிழலில் நில்லாதிருக்க வேண்டும். தனியார் தம் பொதுநலக் கடமையை நிறைவேற்றிய கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும்.

வானலை நம் பிள்ளைகளுக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.