கேக் பீட்டர் வாங்கும்போது

பொகவந்தலாவைக் குளிரில் பட்டர் இலேசில் இளகாது. சீனியோடு சேர்த்துக் கையால் அடித்தால் தோள்தான் நோகும். ஓடருக்குக் கேக் செய்யும் சகோதரிகள் கிண்ணத்தோடு சேர்ந்த பீட்டரைத் தேடுவது நியாயமே.

கடையில் வொட் கணக்கைச் சொல்லி விற்பார்கள். அது மெஷின் இழுக்கும் கரண்டின் அளவு. மாவைப் பிசையும் பலமல்ல. கேக்குக்குச் சாதாரண மெஷின் போதும். பாண், பணிஸ் மாவும் பிசைவதானால் உள்ளே இருப்பது உலோகப் பற்சக்கரமா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும்.

கனடாவிலுள்ள உறவினர் அனுப்புவதாகச் சொன்னால் அவசரப்படாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் மோட்டார் கருகிவிடும். ட்ரான்ஸ்போமர் வைத்துப் பாவிக்கலாம், அதற்கும் காசு வேண்டுமே! லண்டன், ஜெர்மனி மெஷினென்றால் அந்தப் பயமில்லை. பிளக்கை மட்டும் பாருங்கள்.

கடன்பட்டு வாங்குவதானால், பழுதுபட்டால் ஹட்டனில் திருத்தலாமா, கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.