சிறார் கைவினை

மழலைப் பருவத்தே கையாற் பயிலுவன, பின்னர் ஏட்டாற் பயிலுவனவற்றுக்கு அடிப்படையாம் என்பதனை ஈண்டு விரித்தல் வேண்டா. செருமானிய நாட்டுப் பிரோபெல் என்பார் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரிற் சிறார்க்கெனப் பள்ளி தொடங்கிய ஞான்று, அவர்கைக்கு முதன்மையாக அளித்தவை கம்பளிப் பந்தும் மரக்கட்டைகளுமே. இக்காலத்து நம் வீடுகளில் அக்கைவினை படும் பாட்டைப் பற்றியே யாம் சில கூறக் கருதினோம்.

பள்ளியில் ஆசிரியர், ‘நாளை ஒரு வீடு செய்து வருக’ என்பார். ஐந்தாண்டுக் குழந்தை அதனை அன்னையிடம் உரைக்கும். தந்தையார் கடைக்கு ஓடித் தெர்மோக்கோலும் வண்ணத்தாளும் மினுக்குத்தூளும் வாங்கி வருவார். அன்னையார் இரவு பத்துமணிவரை வெட்டி ஒட்டுவார்; குழந்தையோ உறங்கிவிடும். மறுநாள் அவ்வீடு பரிசு பெறும். பரிசு யாருக்கு உரியதென்பதை ஆசிரியர் அறிவர், அன்னையும் அறிவார், குழந்தை எல்லாரினும் நன்கறியும். அந்தியிற் கூலிவேலை முடிந்து மீளும் பெற்றோரின் பிள்ளை வெறுங்கையோடு கடைசி வரிசையில் நிற்கும். இதனைக் கைவினை என்றழைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

தகடூர் எனப் பண்டு வழங்கிய தருமபுரியை ஆண்ட அதியமானை ஔவையார் பாடிய பாட்டுக்களுள் இரண்டு இவ்விடத்து நினைக்கத்தக்கன. புறநானூற்று 87-ஆம் பாட்டில், நாளொன்றுக்கு எட்டுத்தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த சக்கரத்தை அவன் ஆற்றலுக்கு உவமை கூறுகின்றார். 92-ஆம் பாட்டிலோ, யாழிசைக்கு ஒவ்வாததும் பொருள் விளங்காததுமான மழலைச்சொல் தந்தைக்கு இனிதாதலை எடுத்துக் காட்டுகின்றார். பெற்றோர் பலர் மழலையினிடத்துத் தச்சனது சக்கரத்தை எதிர்நோக்குகின்றனர். கோணிய வட்டமும் மூன்றுகாற் குதிரையும் கையின் மழலையன்றோ? அதனைத் திருத்தப் புகுவார், குழந்தை ‘தோச’ என்னும்போதெல்லாம் ‘தோசை’ என்று சொல்லெனக் கடிந்துகொள்வாரை ஒப்பர்.

பொருளுக்காகக் கடைத்தெருவை நாடவேண்டுவதில்லை. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களிற் பனையோலை உண்டு, பூவரசிலை உண்டு, மழைக்குப்பின் ஏரிக்கரையிற் களிமண்ணும் உண்டு. பூவரசிலையைச் சுருட்டி முனையை நசுக்கி ஊதினாற் பீப்பி. நுங்கு தின்றெறிந்த காய்கள் இரண்டை ஒரு குச்சியின் இருமுனையிலுஞ் செருகிக் கவைக்கோலால் தள்ளினால் வண்டி. ஒகேனக்கலிற் பரிசலைக் கண்டுவந்த பிள்ளைக்குக் கொட்டாங்கச்சி ஒன்றும் தொட்டி நீரும் போதும். அன்னையார் அடுப்படியில் மாவு பிசையும்போது ஓருருண்டை கிள்ளிக் கொடுப்பின், பாம்பும் பறவையும் பிறக்கும். அவர்தம் வேலையும் இடையூறின்றி முடியும். புளியங்கொட்டையும் நல்லதே, எனினும் மூன்று வயது நிரம்பாத மகவின் கையில் அதனைக் கொடுத்தல் ஆகாது, வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்ளுமாகலின்.

ஒருபொழுதுக்கு ஒருபொருளே அமையும். பலவற்றைப் பரப்பிவைத்தாற் குழந்தை மயங்கும்; பெரியோர்க்கும் சினம் மூளும். வீடு அழுக்காகுமே என்பார் திண்ணையிற் பழம்பாயொன்றை விரித்துக்கொள்க. குழந்தையின் மனம் வேறொன்றிற் சென்றதாயின் அவ்வளவில் விட்டுவிடுதலே நன்று. முடித்தே தீர்க என்பது தொழிற்சாலைக்குரிய சட்டம். பெரியோர் அருகமர்ந்து தாமும் ஒன்று செய்க. தமது கோணலாயின் இன்னும் நலம், குழந்தை கைகொட்டி நகும்.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கென எண்ணுவார் அரூரை அடுத்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கைக் காண்க. ஆங்குள்ள இலம்பாடி மகளிர் ஒருகாலத்துத் தம் ஆடைகளில் தாமே பூத்தையல் இட்டனர். உடை மாறியது, சிறுமியர் அவ்வூசியைப் பழகும் வழக்கமும் ஒழிந்தது. 1993-இல் அங்கு மருத்துவப்பணி தொடங்கிய மருத்துவர் ரெஜி, லலிதா என்னும் இணையரது நிறுவனம் பின்னர் அக்கலையை மீட்க முற்பட்டபோது, அதனை அறிந்திருந்தவர் முதிய மகளிர் சிலரே. அவர்பால் இளையோர் கற்றமையால் இன்று அது ‘போர்கை’ என்னும் பெயரோடு வாழ்கின்றது. அவர்மொழியிற் பெருமை என்பது அதன் பொருள். அஃது ஒரு நற்பேறு. பனையோலையிற் கிலுகிலுப்பை முடையத் தெரிந்த பாட்டியர் நம் ஊர்களில் இன்னும் சிலர் உளர். அவர்தம் பேரர் பலர்க்கு அப்பெயரும் தெரியாது.

நாட்டுநலப்பணித் திட்டத்தின்கீழ் மாணவராகிய யாம் ஏழுநாள் சிற்றூரில் முகாமிடும்போது, அங்கன்வாடிக் குழந்தைகட்கு வண்ணந்தீட்டும் போட்டி வைத்துப் பென்சிற் பெட்டி வழங்கி மீள்வது வழக்கமாயிற்று. அதற்கு மாறாக, அவ்வூர்ப் பாட்டியார் ஒருவரை வேம்பினடியில் அமர்த்தி, ஒருகட்டு ஓலையை நடுவே வைத்து, யாமும் குழந்தைகளோடு ஒருங்கிருந்து கற்கலாமே. ஓலை நறுக்குங் கத்தி மட்டும் எம் கையில் இருக்கட்டும்.