பார்த்துக்கொள்பவளின் கண்கள்

மே 12 வந்தால் நர்சிங் கல்லூரிகளில் வெள்ளைச் சீருடை அணிந்த பெண்பிள்ளைகள் கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கிறார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாள். கிரீமியப் போர்க் காலத்தில், ஸ்குட்டாரி மருத்துவமனையில், இரவில் விளக்கோடு நோயாளிகளுக்கிடையே நடந்த பெண்மணி என்று அவரைப் புகழ்வார்கள். அந்தப் பெண்மணிக்கு வாழ்வின் கடைசி ஆண்டுகளில் கண் தெரியவில்லை. 1907இல் பிரிட்டன் அவருக்கு 'ஆர்டர் ஆஃப் மெரிட்' வழங்கியது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அப்போதே அவருடைய பார்வை போயிருந்தது. எங்கள் கல்லூரிக்கு அடுத்த வளாகம் நர்சிங் கல்லூரி என்பதால் ஆண்டுதோறும் ஒலிபெருக்கி வழியே மே 12 உரைகளைக் கேட்கிறேன். இந்தச் செய்தியைச் சொன்ன ஒரு சிறப்பு விருந்தினரும் இல்லை.

விளக்கு யாருக்காக ஏற்றப்பட்டது என்பதில் எல்லோருக்கும் தெளிவு இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவளின் கண் எப்படி இருக்கிறது என்பது எந்த உறுதிமொழியிலும் வராது.

எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர் அரசு மருத்துவமனையில் 22 ஆண்டுகள் பணி முடித்தவர். சர்க்கரை நோய் விழித்திரையைத் தொட்டுவிட்டது. இரண்டு கண்களுக்கும் லேசர் வைத்தாயிற்று. பகலில் சமாளிக்கிறார். நைட் டியூட்டியில் ஊசி மருந்துக் குப்பியின் மேல் அச்சடித்த பெயர் கலங்கலாகத் தெரிகிறது. அவர் என்ன செய்கிறார் தெரியுமா? பக்கத்தில் நிற்கும் பயிற்சி மாணவியிடம் குப்பியைக் கொடுத்து, "நீ சத்தமாப் படிம்மா, உனக்குப் பழக்கமாகட்டும்" என்கிறார். மாணவி இல்லாத இரவுகளில் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கிறார். வார்டில் ஒருவருக்கும் தெரியாது. கணவருக்கும் பாதிதான் தெரியும். ஏன் மேலிடத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். "மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிடுவாங்க மேடம். அப்புறம் எங்கே உட்கார வைப்பாங்களோ, வீட்டுக்கே அனுப்புவாங்களோ. பொண்ணு காலேஜ் முடிக்கணும்."

உடனே ஒரு குரல் எழும்: நோயாளியின் உயிர் என்ன ஆவது? நியாயமான கேள்வி. அதைத் தவறான ஆளிடம் கேட்கிறோம் என்பதுதான் என் சண்டை. மருந்தின் பெயரை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் சரிபார்ப்பது பாதுகாப்பான நடைமுறை என்று செவிலியர் பாடத்திலேயே இருக்கிறது. அதைத் திருட்டுத்தனமாகச் செய்யும் நிலையில் அவரை வைத்திருப்பது யார்? இரவு வார்டில் இரண்டாவது செவிலியரைப் போடாதவர்கள். குறையைச் சொன்னால் வேலை போகும் என்ற பயத்தைக் காலங்காலமாக ஊட்டியவர்கள். நோயாளிக்கு ஆபத்து அவருடைய விழித்திரையைவிட அவர் வாய் திறக்க முடியாமல் இருப்பதில்தான் அதிகம்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100. 40க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கானது ஆரஞ்சு. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடும், அல்லது குறையும். மங்கிய குழல்விளக்கின் கீழே, அதிகாலை நான்கு மணிக்கு, சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிவது நல்ல கண்ணுக்கே சோதனை. நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் கிட்டப் பார்வை தளரும். அதற்குச் சட்டத்தில் ஊனம் என்று பெயர் கிடையாது. மருந்து மேசைக்கு மேல் ஒரு நல்ல விளக்கு, பெரிய எழுத்தில் ஒட்டுச்சீட்டு, ஒரு பூதக்கண்ணாடி, இவ்வளவுதான் செலவு.

பூதக்கண்ணாடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அறுபது வயது அறுவை மருத்துவர் கண்ணாடிச் சட்டத்தில் உருப்பெருக்கி லென்ஸ் பொருத்திக்கொண்டு தியேட்டருக்குள் நுழைந்தால் அது நுட்பத்தின் அடையாளம். சிலர் அதோடு புகைப்படமும் எடுத்துக்கொள்கிறார்கள். ஐம்பது வயது செவிலியர் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தால், "சிஸ்டருக்குக் கண்ணு போச்சு." இருவருக்கும் தேவை ஒன்றே. ஒருவருக்கு மட்டும் அது கருவி.

சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவைச் செவிலியர் ஓய்வறைச் சுவரில் ஒட்டவேண்டும். பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பார்த்த வேலை பொருந்தாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலை தரவேண்டும். அதுவும் இல்லையென்றால், தகுந்த பணியிடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை, கூடுதலாக ஒரு பணியிடத்தை உருவாக்கி அதில் வைத்திருக்கவேண்டும். 1995 சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது. நான் பேசிய அந்த 22 ஆண்டுச் செவிலியருக்கு இதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் அந்தப் பிரிவு சொல்வது 'அரசு நிறுவனம்'. தனியார் மருத்துவமனையில் வேலை செய்யும் பெண் அதற்கு வெளியே நிற்கிறாள். அரசுக்குள்ளேயே தொகுப்பூதியத்தில் இருப்பவள் வாசற்படியில் நிற்கிறாள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும். தேர்வெழுதி வந்தவர்கள் அவர்கள். மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். பணி நிரந்தரத்துக்காகக் காத்திருக்கும் ஒருத்தி, கண் மங்குகிறது என்று தானே போய்ச் சொல்வாளா?

தொழிலின் நுழைவாயிலிலும் இதே கதை. செவிலியர் படிப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்கள், கால் இயக்கக் குறைபாடு 40 முதல் 50 சதவீதம் உள்ளவர்களுக்கே என்று இந்திய செவிலியர் கவுன்சிலின் விதி நெடுங்காலம் வைத்திருந்தது. பார்வைக் குறைபாட்டுக்கு அதில் ஒரு வரி இல்லை. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பார்வையற்றவர்கள் நீதிபதிகளாக வரக்கூடாது என்ற மத்தியப் பிரதேச விதியைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றமும் வார்டும் ஒன்றென்று நான் வாதாடவில்லை. பச்சைக் குழந்தைக்கு ஊசி போடக் கண் வேண்டும். செவிலியம் முழுவதும் ஊசி போடுவதுதானா? 104 உதவி எண்ணில் பதற்றத்தோடு அழைப்பவருக்கு வழிசொல்வதும், தாய்ப்பால் கொடுக்கத் தெரியாமல் அழும் இளம் தாயின் அருகில் உட்காருவதும், மாணவிகளுக்குப் பாடம் எடுப்பதும் செவிலியம்தான். எந்த வேலைக்கு எவ்வளவு பார்வை தேவை என்று பிரித்து எழுதிப் பார்க்கக்கூட நிர்வாகங்களுக்குச் சோம்பலாக இருக்கிறது.

தமிழ்ப் பாடம் நடத்துகிறவள் என்பதால் ஒரு சொல்லை இங்கே இழுக்கிறேன். நம் மொழியில் பிரசவம் பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம், உப்புப் பார்க்கிறோம். நாடி பார்ப்பது விரல். தொட்டுப் பார், கேட்டுப் பார், முகர்ந்து பார் என்கிறோம். பேசுகிறவர்களின் வாயில் 'பார்' என்ற வினை எப்போதோ கண்ணைத் தாண்டிப் போய்விட்டது. நரம்பு கிடைக்காத கையில் இளைய செவிலியர் மூன்றுமுறை குத்தித் தோற்றபின், மூத்தவர் வந்து கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் அழுத்தி, "இங்கே இருக்கு" என்று சொல்வதை என் அம்மாவின் படுக்கை அருகே பலமுறை பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் மகளிர் நோய் மருத்துவர் ஃபிராங்க் ஹாஃப்மன் தொடங்கிய 'டிஸ்கவரிங் ஹேண்ட்ஸ்' என்ற திட்டத்தில், பார்வையற்ற பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, விரல்களால் மார்பகக் கட்டிகளைக் கண்டறியும் பணியில் அமர்த்துகிறார்கள். டெல்லியிலும் அந்தப் பயிற்சி நடந்திருக்கிறது. அங்கே பார்வையின்மையே அந்த வேலைக்கு வரும் தகுதி.

இந்தத் தொழிலில் பெரும்பாலோர் பெண்களாக இல்லாமல் இருந்தால் இத்தனை மௌனம் இருந்திருக்காது. பெண்ணின் கண் வலிக்கு வீட்டிலும் கடைசி முறைதான். மாமியாருக்குப் புரை அறுவை, பிள்ளைக்குக் கண்ணாடி, கணவருக்கு விழி அழுத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு, நேரமும் பணமும் மிஞ்சினால் தனக்கு. சர்க்கரையோ கண் அழுத்தமோ வலிக்காமல் பார்வையைத் தின்னும். பக்கவாட்டுப் பார்வை குறுகுவது வெகுநாள் தெரியாது. அந்தப் பாடத்தை நோயாளிகளுக்கு நாள்தோறும் சொல்பவரும் அவர்தான்.

ஊர் ஊராகக் கண் முகாம் நடத்துகிறோம். பேருந்து நிலையத்தில் பேனர், மண்டபத்தில் நாற்காலி, வரிசையில் முதியவர்கள். அவர்கள் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, "மூடிக்கோங்க பாட்டி" என்று சொல்லிக்கொண்டே நகரும் செவிலியரை ஆறு மீட்டர் தள்ளி நிறுத்தி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்ன முகாம் ஒன்றையும் நான் கண்டதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, டியூட்டி நேரத்திலேயே, விழித்திரைப் பரிசோதனையும் சேர்த்து, முடிவை அவர் கையில் மட்டும் கொடுத்து. நிரந்தரமோ தொகுப்பூதியமோ, அரசோ தனியாரோ, எல்லோருக்கும். அடுத்த மே 12க்கு விளக்கு வாங்கும் பணத்தில் தொடங்கலாம்.