தள்ளிப்போடற மாத்திரை

மார்கழி பொறந்துட்டா ஸ்ரீரங்கத்துல ரெண்டு விஷயத்துக்கு கிராக்கி ஜாஸ்தி. ஒண்ணு, உத்திர வீதி, சித்திர வீதிப் பக்கம் சொந்தக்காரங்க வீடு. இன்னொண்ணு, மெடிக்கல் ஷாப்புல "தள்ளிப்போடற மாத்திரை". முதல் விஷயத்தைப் பத்தி நிறையப் பேர் புலம்பியாச்சு. ரெண்டாவதைப் பத்தி யாரும் எழுதக் காணோம். சரி, நானே எழுதிடறேன். ஆண் பதிவர்கள் "இது நம்ம ஏரியா இல்ல"ன்னு நழுவ வேண்டாம். பாதி நேரம் கடைக்குப் போய் அதை வாங்கிட்டு வர்றது நீங்கதான் :-)

2025-ல வைகுண்ட ஏகாதசி ரெண்டு தடவை வந்துச்சு. ஜனவரி 10 ஒண்ணு, டிசம்பர் 30 ஒண்ணு. ரெண்டுக்கும் எங்க வீட்டுக்காரரோட அக்கா வந்திருந்தாங்க. டிசம்பர்ல வந்தப்போ ஏகாதசிக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு. வந்து பெட்டியை வச்ச உடனே என்னை சமையல்கட்டுக்குள்ள தள்ளிக்கிட்டுப் போயி, "எனக்கு சரியா அன்னிக்குத்தான் நாள். ஒரு அட்டை மாத்திரை வாங்கிட்டு வந்துடேன்"னாங்க.

போனேன். கடைக்காரர் ஒண்ணும் கேக்கல. நான் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டு நீட்டிட்டார். "மூணு வேளை"ன்னு மட்டும் சொன்னார், அதுவும் என் முகத்தைப் பாக்காம. டாக்டர் சீட்டுக்கு மட்டும்தான் குடுக்கணும்னு அந்த அட்டையிலயே அச்சடிச்சிருக்கு. அதைப் படிக்க முடியாத அளவுக்கு சுத்திக் குடுத்தாரோ என்னவோ!

வீட்டுக்கு வர்ற வழியிலதான் எனக்கு உறைச்சது. அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம் ஆனப்போ இடது கால் யானைக்கால் மாதிரி வீங்கி, ரத்தக்கட்டுன்னு சொல்லி ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. அப்போ துணைக்கு இருந்தது நான்தான். கவரைக் குடுக்காம, "அக்கா, டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்களேன்"னேன்.

"ஜனவரிக்கும் போட்டேனே, ஒண்ணும் ஆகலியே!"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவே.

*

கொஞ்சம் விஷயத்துக்குள்ள போவோம். இந்த மாத்திரையோட பேர் நார்எதிஸ்டிரோன். புரோஜெஸ்டின் என்கிற செயற்கை ஹார்மோன் வகையைச் சேர்ந்தது. நம்ம உடம்புல இயற்கையா சுரக்கிற புரோஜெஸ்டிரோன் செய்யற வேலையை ஓரளவு அப்படியே செய்யும்.

அது என்ன வேலை? கோயில் விசேஷத்துக்குப் பந்தல் போடறோம் இல்லையா, அந்தப் பந்தலைத் தாங்கற கால் மாதிரி. கருமுட்டை வெளியானதும் கர்ப்பப்பையோட உள்வரிச் சவ்வு கலையாம நிக்கறதுக்குக் காரணம் புரோஜெஸ்டிரோன். கரு தங்கலைன்னா ஏறக்குறைய ரெண்டு வாரத்துல அது குறையும். கால் எடுத்த பந்தல் சரிஞ்சிடும். அதுதான் மாதவிலக்கு. நாள் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே மாத்திரையை ஆரம்பிச்சா, வெளியிலிருந்து ஒரு முட்டுக் குடுத்த மாதிரி பந்தல் நிக்கும். நிறுத்தின ரெண்டு மூணு நாள்ல சரியும். "தள்ளிப்போட்டா கெட்ட ரத்தமெல்லாம் உள்ளேயே தேங்கிடும்"னு எங்க மாமியார் உட்பட பல பேர் சொல்வாங்க. அப்படி ஒண்ணும் தேங்காது. சவ்வு கலையவே இல்லைங்கறப்போ தேங்கறதுக்கு என்ன இருக்கு?

இயற்கை புரோஜெஸ்டிரோனை வாய் வழியா சாப்பிட்டா ஈரல் அதுல பெரும்பகுதியை சீக்கிரமே உடைச்சுத் தள்ளிடும். அதனால விழுங்கினாலும் தாக்குப்பிடிக்கிற ஒண்ணைத் தேடினாங்க. 1951 அக்டோபர்ல மெக்சிகோ சிட்டியில சின்டெக்ஸ் கம்பெனி ஆய்வுக்கூடத்துல லூயிஸ் மிராமோன்டெஸ்ங்கற 26 வயசுப் பையன் நார்எதிஸ்டிரோனை உருவாக்கினார். கூட வழிகாட்டினவங்க கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ். மூலப்பொருள் எதிலிருந்து தெரியுமா? அந்த ஊர் காட்டு வள்ளிக்கிழங்கு! அங்கிருந்துதான் கருத்தடை மாத்திரை வரைக்கும் வந்தது.

இந்தக் குடும்பத்தால எவ்வளவோ நன்மை. ரத்தப்போக்கு நிக்காம சோகை பிடிச்சுப் போற பெண்களுக்கு, எண்டோமெட்ரியோசிஸ் வலியில துடிக்கறவங்களுக்கு, மாதவிடாய் நின்னப்புறம் ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கறவங்களுக்குக் கர்ப்பப்பைப் பாதுகாப்புக்கு, இப்படி ஒரு பட்டியலே போடலாம். அதனால "கெமிக்கல், விஷம்"னு நான் ஜல்லியடிக்க வரல.

சிக்கல் எங்கன்னா, நார்எதிஸ்டிரோன்ல ஒரு சின்ன பங்கு உடம்புக்குள்ள போனதும் எதினைல் ஈஸ்ட்ரடையால் என்கிற ஈஸ்ட்ரோஜனா மாறிடும். ஒரு நாளைக்கு 10-லிருந்து 20 மி.கி. வரை சாப்பிட்டா, 20-லிருந்து 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடறதுக்கு சமமா இருக்கலாம். தள்ளிப்போட வழக்கமா சாப்பிடறது 5 மி.கி. மூணு வேளை, ஆக 15 மி.கி. அரசாங்கம் குடுக்கற மாலா-என் மாத்திரையில இருக்கறது 30 மைக்ரோகிராம். ரத்தம் கட்டிக்கற வாய்ப்பைக் கூட்டறது இந்த ஈஸ்ட்ரோஜன்தான். பெரும்பாலானவங்களுக்கு சில நாள் சாப்பிடறதால பெரிய ஆபத்து இல்லை. ஆனா ஏற்கனவே காலிலோ நுரையீரல்லயோ ரத்தக்கட்டு வந்தவங்களுக்கு அப்படி இல்லை. அவங்க இதைத் தொடவே கூடாது.

அக்காவோட "ஒண்ணும் ஆகலியே"வுக்கு என் பதில் இதான். ரயில்வே கேட் மூடியிருக்கறப்போ குனிஞ்சு தண்டவாளத்தைத் தாண்டினவங்க எல்லாருமே அடிபடறதில்லை. அதனால கேட் தேவையில்லைன்னு ஆயிடுமா?

*

இப்போ என் வயித்தெரிச்சல் நம்பர் டூ. இதே குடும்பத்துல இன்னொரு மாத்திரை இருக்கு, லெவோநார்ஜெஸ்ட்ரல். அவசரக் கருத்தடைக்கு 72 மணி நேரத்துக்குள்ள ஒரே ஒரு டோஸ். கருமுட்டை வெளியாகறதைத் தள்ளிப்போடும். ஏற்கனவே உண்டான கர்ப்பத்தைக் கலைக்காது. 2005-லயே டாக்டர் சீட்டு இல்லாம விக்கலாம்னு மத்திய அரசு அனுமதிச்ச மருந்து. ஆனா தமிழ்நாட்டுல பல கடைகள்ல இதைக் கேட்டா "இல்லை"ங்கற பதில்தான், கூடவே ஒரு மாதிரியான பார்வையும் இலவசம். பத்திரிகைகள் பல வருஷமா இதை எழுதிக்கிட்டுத்தான் இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. சீட்டு வேணும்னு சட்டம் சொல்ற மாத்திரை கேள்வியே இல்லாம கிடைக்குது. சீட்டு வேண்டாம்னு சட்டம் சொல்ற மாத்திரை கேட்டாலும் கிடைக்கறதில்லை. ஏன்? முதலாவது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் உதவுது. ரெண்டாவது அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் உதவுது. மருந்தோட குணத்தைப் பாத்து இங்க யாரும் முடிவு பண்றதில்லை. எதுக்காக வாங்கறாங்கறதைப் பாத்துத்தான் முடிவு பண்றாங்க.

இத்தனைக்கும் கேள்வி கேக்கறது பெரிய கஷ்டமும் இல்லை. 2017-லிருந்து அரசு ஆஸ்பத்திரிகள்ல அந்தரான்னு மூணு மாசத்துக்கு ஒரு ஊசி இலவசமா போடறாங்க. அதுவும் புரோஜெஸ்டின்தான். அதுக்கு ஒரு கேள்விப் பட்டியல் வச்சு, விசாரிச்சு, அட்டை போட்டுத்தான் ஊசி. அதே அக்கறை கறுப்புக் கவருக்கு ஏன் இல்லை?

*

"தீட்டெல்லாம் மூடநம்பிக்கை, அப்படியே கோயிலுக்குப் போக வேண்டியதுதானே"ன்னு சில பேர் பின்னூட்டத்துல கும்மப் போறீங்க, தெரியும். எனக்கும் அதுல பாதி சம்மதம்தான். மலைக்கோட்டையில குடியிருக்கற தாயுமானவர், காவிரி வெள்ளத்துல அம்மா வர முடியாம தவிச்ச ரத்னாவதிக்குத் தானே தாயா வந்து பிரசவம் பாத்தவர். பிரசவம் பாத்த சாமி இதுக்கெல்லாம் முகம் சுளிப்பாரா? அது என் நம்பிக்கை. ஆனா அக்காவோட நம்பிக்கை வேற. அதை மாத்தறது என் வேலை இல்லை. அவங்க கால் பத்திரமா இருக்கணும், அவ்வளவுதான்.

டாக்டருக்கு போன் போட்டோம். ரத்தக்கட்டு விஷயத்தைச் சொன்ன உடனே "வேண்டவே வேண்டாம்"னுட்டார். அக்கா ஏகாதசி அன்னிக்கு விடியக்காலை வாசல்ல உக்காந்து, போற வர்ற கூட்டத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு. அப்புறம்தான் அவங்களுக்கு ஞாபகப்படுத்தினேன். பரமபத வாசல் ஒரு நாளோட மூடிடறதில்லை. ராப்பத்துல ஒண்ணு ரெண்டு நாள் தவிர தினமும் திறப்பாங்க. ஆறாம் நாள் தலைக்குக் குளிச்சுட்டு ரெண்டு பேருமா போனோம். கூட்டமும் கம்மி. அக்கா நிதானமா சேவிச்சாங்க. பெருமாள் பத்து நாள் தள்ளிக் குடுத்திருக்கார், நாமதான் ஒரே நாளைப் பிடிச்சுக்கிட்டு உடம்பைத் தள்ளிப்போடறோம்.

கடைசியா, வாங்கியே ஆகணும்னா வாங்கறதுக்கு முன்னாடி இதையாவது கேட்டுக்குங்க: உங்களுக்கோ அம்மா, அக்கா தங்கைக்கோ ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்திருக்கா? கண்ணுல பூச்சி பறந்து அப்புறம் மண்டையிடி வருதா? ஈரல் கோளாறு, மார்பகப் புற்றுநோய் உண்டா? கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா? வலிப்புக்கோ டிபிக்கோ மாத்திரை சாப்பிடறீங்களா? ஒண்ணுக்காவது "ஆமா"ன்னா டாக்டர்கிட்ட போங்க. எல்லாத்துக்கும் "இல்லை"ன்னாலும் ஒரு போனாவது போட்டுடுங்க. இந்த மாத்திரை சாப்பிடற நாள்ல கர்ப்பம் தரிக்காதுன்னும் நினைச்சுக்காதீங்க. சாப்பிடறப்போ ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, திருவிழா முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அந்த அட்டை இன்னும் பிரிக்காம எங்க வீட்டு அலமாரியிலதான் கிடக்கு. திருப்பிக் குடுக்கப் போனா, "வித்த மருந்தைத் திரும்ப எடுக்க மாட்டோம், அது ரூல்ஸ்"னுட்டார் கடைக்காரர். அவருக்கும் ரூல்ஸ் தெரிஞ்சிருக்கு பாருங்க :-)