மேகக் களஞ்சியமும் ஏட்டுக் கட்டும்

ஆனி ஆடித் திங்களிற் குற்றால மலைமுகட்டிற் கவியும் மேகம் எவரிடத்தும் கூலி கேட்பதில்லை. கணினி வல்லுநர் மேகம் என்று பெயரிட்டழைக்கும் மற்றொன்றோ மாதந்தவறாது பில் அனுப்புகின்றது. அது வானத்தில் உள்ளதன்று. மும்பை, சென்னை, ஹைதராபாத் முதலிய நகரங்களில், மின்விசையும் குளிரூட்டலும் இடையறாது வேண்டி நிற்கும் பெருங் கட்டடங்களிலே அடுக்கிவைத்த வட்டுக்களே அது. ஆங்கு நாம் குவித்து வைக்கும் காப்புநகல்களுக்குத் தணிக்கை வேண்டும் என்பதும், அத்தணிக்கையைக் கணக்கர் மாத்திரம் செய்தல் ஆகாது என்பதும் எமது கருத்து. தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். படியெடுத்தலும் படிகளை ஒப்பிடுதலும் எம் துறையின் பழந்தொழில் என்பதை அவர்கள் மறந்தனர் போலும்!

வீண்செலவு எங்ஙனம் நேர்கின்றது? ஓர் அலுவலகத்தின் கோப்புக்கள் 100 ஜி.பி. எனக் கொள்வோம். வாரந்தோறும் முழுமையும் படியெடுத்தால் 52 வாரத்தில் 5,200 ஜி.பி. சேரும். முதலில் ஒரு முழுப்படியும், பின்னர் வாரந்தோறும் மாறுதலுற்ற 2 ஜி.பி. மட்டுமே எடுத்தால் 202 ஜி.பி.யோடு முடியும். இஃது ஒரு வழி. அமேஸான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய எஸ்3 களஞ்சியத்தில், பழைய வடிவங்களைக் காக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டால், நாம் அழித்த கோப்பு கண்ணுக்கு மறையுமேயன்றி ஒழியாது. அதற்கும் கூலி உண்டு. பாதியில் நின்றுபோன பதிவேற்றத்தின் துண்டுகளும் அவ்வாறே கிடந்து கூலி தின்னும். மலிவென்று கருதி மிக ஆழ்ந்த சேமிப்பிற் போட்டாலோ, 180 நாள் நிரம்புமுன் அழித்தாலும் 180 நாட்கூலி கொடுத்தே தீரவேண்டும். கைப்பேசிப் படங்களுக்குக் கூகிள் அளித்துவந்த எல்லையற்ற இலவச இடம் 2021 ஜூன் முதல் தேதியோடு நின்றதை விடுதி மாணவர் எவரும் அறிவர். ஒரே அருவிப் படத்தை நால்வர் நான்குமுறை அனுப்பிச் சேர்த்துவைக்கும் வழக்கம் மட்டும் நின்றபாடில்லை.

இவ்விஷயம் நம் நாட்டுப்புறத்துக்கு அயலானதுமன்று. 2011 முதல் தென்காசி வட்டாரத்தில் இயங்கி, மத்தளம்பாறையில் வளாகம் கொண்டுள்ள ஸோஹோ நிறுவனம், மேகச் செலவைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளையும் விற்கின்றது. எந்தக் களஞ்சியத்துக்கு எவ்வளவு செலவு என்பதை அத்தகைய கருவி நொடியிற் காட்டும். எந்த நகல் வேண்டும், எது வேண்டாம் என்பதை அது சொல்லாது. அதனைச் சொல்ல, உள்ளே இருப்பதை அறிந்த ஒருவர் வேண்டும்.

இன்றைய தென்காசி மாவட்டத்துக் கரிவலம்வந்தநல்லூரில் நிகழ்ந்ததை நினைமின். வரகுண பாண்டியன் சேர்த்த ஏட்டுச் சுவடிகள் அவ்வூர்க் கோயிலில் உள்ளன என்று கேள்வியுற்று உ. வே. சாமிநாதையர் ஆவலோடு சென்றார். குப்பைபோற் கிடந்த ஏடுகளை, ஆகமவிதி என்று சொல்லி, நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டனர் என்பதே அவர் பெற்ற விடை. ஐயரே இதனை வருந்தி எழுதியிருக்கின்றார். இட்டவர் கொடியவரல்லர், இடத்தை அடைத்துக் கிடந்ததை ஒழித்தனர். கட்டை அவிழ்த்துப் படித்தறிந்தவர் ஒருவரும் அங்கு இல்லாமையே கேடு. அந்த ஏடுகளிற் சிலவற்றுக்கு உலகில் வேறு படியே இல்லாதிருந்திருக்கவும் கூடும்.

இங்கே ஒரு வேற்றுமையையும் எண்ணுதல் வேண்டும். ஏட்டுப் படிகள் இரண்டு முற்றும் ஒத்திருப்பது அரிது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த ஐயருக்குப் பல படிகளும் பாடபேதங்களும் சுமையாகவில்லை. பொருள் விளங்கத் துணையாயின. கணினி நகலோ எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே அமையும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டெடுக்கும் எண்கோவை ஒன்று, அதன் கைரேகை போன்று உதவுகின்றது. இரண்டு கோப்புக்களுக்கு அது ஒன்றாயின், ஒரே களஞ்சியத்தில் இரண்டையும் வைத்தல் வீண். ஒன்றாகாவிடின் அது பாடபேதம். திறந்து பாராமல் தொடலாகாது.

செலவுக்கு அஞ்சி நகலே எடாமல் விடுவதும் கணக்காகாது. தென்கொரிய அரசின் தேஜோன் நகரத் தரவு நிலையத்தில் 2025 செப்டம்பரில் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புக்கள் அழிந்தன. அளவு பெரிதென்று வெளியே படி வைத்திலர். நகல் பலவாக இருப்பினும் அச்சம் நீங்கிற்றில்லை. கிட்லேப் நிறுவனம் 2017 ஜனவரி 31இல் தன் தரவுத்தளத்தைத் தவறி அழித்துக்கொண்டபோது, ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளுள் ஒன்றும் உரியவாறு உதவவில்லை. சோதனைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த படி ஒன்று தற்செயலாக இருந்தமையால் எஞ்சியது மீண்டது. அந்த ஐந்துக்கும் ஆன செலவு வீணே. அவ்வீண்செலவோ எந்த பில்லிலும் தெரிந்திராது.

ஆகலின் தணிக்கை செய்வோர் முதலில் ஒரு நகலை மீட்டெடுத்துத் திறந்து பார்க்கட்டும். பின்னரே மற்றொன்றை அழிக்கட்டும். பழைய ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயர், உரியவர் பெயர், ஆண்டு, திங்கள், நாள் எல்லாம் குறித்திருக்கும். மேகத்தில் கிடக்கும் நகல்களுக்கும் அத்தகைய குறிப்பு எழுதினால், இது யாருடையது என்று தெரியாமற் பல்லாண்டு கூலி கொடுக்கும் நிலை வாராது. நம் கல்லூரி மன்றங்களின் படங்கள், அறிக்கைகள், பழைய மலர்களின் பக்கங்கள் யாவும் எவரெவர் கணக்கிலோ சிதறிக் கிடக்கின்றன. மாணவர் வெளியேறும்போது அவையும் உடன் வெளியேறுகின்றன. இத்தொழிலில் அமர்ந்திருக்கும் பழைய மாணவர் இருவர் மூவர், விடுமுறையில் ஒரு வாரம் வந்திருந்து, துறைக்கு ஒரு மாணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியல் எழுதித் தருவாராயின், தமிழ்த் துறையின் சார்பில் உட்கார யாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.