பாசத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடையாது

இதை எழுதினால் சொந்தத்தில் ரெண்டு பேர் என்னோடு பேச மாட்டார்கள். பரவாயில்லை, தீபாவளிக்குள் சரியாகிவிடும்.

விஷயம் இதுதான். ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் ஒரு குழந்தைக்கு ஆறாவது மாதம் பிறந்ததும் வாட்ஸப் குரூப்பில் ஒரு லிங்க் வந்து விழும். "ஒரு அம்மா தன் குழந்தைக்காகவே செய்தது. கெமிக்கல் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்." சத்து மாவு, முளைகட்டிய கேழ்வரகு, எங்கள் நாகர்கோவில் பக்கத்து ஏத்தங்காய்ப் பொடி. கூடவே 'பி.பி.ஏ. இல்லாத' பால் பாட்டில், சிலிகான் ஸ்பூன். பக்கத்தில் பாட்டி இல்லாத வீட்டில் அந்த டப்பாதான் பாட்டி. நாமும் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம்.

தயவுசெய்து கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, ப்ரமோஷன் என்ற பெயரில் எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி நாயுடுபேட்டையில் உட்கார்ந்திருப்பவன். (2022 வரை நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.) எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். அதனால் கணக்கிலிருந்தே பேசுகிறேன்.

பாதுகாப்பு என்பது ஒரு உணர்ச்சி இல்லை. அது ஒரு செலவு. ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு பேட்சுக்கும் வரும் செலவு. கணக்கில் அந்தச் செலவு இல்லையென்றால் டப்பாவில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. அவ்வளவுதான் என் கட்சி.

எங்கள் கிளைக்குக் கடன் கேட்டு வந்த ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். மேனகூரு பக்கம். கணவர் அங்கே சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் ஒரு ஆலையில் வேலை. ராகி மாவும் பயறும் கலந்து குழந்தைகளுக்கான உணவு செய்து விற்க வேண்டும், முத்ரா கடன் வேண்டும் என்றார். முத்ராவில் ஐம்பதாயிரம் வரைக்கும் உள்ள பிரிவுக்கு 'சிசு' என்றுதான் பெயர். பொருத்தம்தான்!

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அரைக்கும் மெஷின் இருந்தது, பாக்கெட் ஒட்டும் மெஷின் இருந்தது, குழந்தை படத்தோடு நாலு கலர் லேபிள் இருந்தது. பரிசோதனைக்கு என்று ஒரு ரூபாய் கூட இல்லை. கேட்டேன். "மா பாபுகே பெடுதுன்னானு சார்" என்றார். என் பிள்ளைக்கே இதைத்தான் கொடுக்கிறேன் என்று அர்த்தம். பொய் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் தெரியும்.

ஆனால் அவர் பிள்ளை சாப்பிடுவது அந்த வாரம் அரைத்த மாவு, அதே வீட்டு டப்பாவிலிருந்து. காசு கொடுத்து வாங்குகிறவரின் பிள்ளை சாப்பிடப் போவது மூன்று மாதம் கழித்து, கூரியரில் வெயிலில் கிடந்து, துபாயிலோ டெட்ராய்ட்டிலோ பிரிக்கப்படும் மாவு. இரண்டும் ஒரே சரக்கு இல்லை. முளைகட்டிய தானியம் சரியாகக் காயவில்லை என்றால் பூஞ்சை வரும். வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்ஸின் என்ற விஷத்தை விட்டுச் செல்லும். கண்ணுக்குத் தெரியாது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதைச் சமைத்துக் கொடுத்தவர்களுக்கும் பாசம் இல்லாமலா இருந்தது?

உடனே ஒருத்தர் கிளம்புவார்: "அப்போ பெரிய கம்பெனிக்காரன் யோக்கியமா?" கேள்வி நியாயமானது. இல்லை என்பதுதான் பதிலும்.

ஏழை நாடுகளில் பால்மாவு விற்ற விதத்துக்காக நெஸ்லேவைப் புறக்கணிக்கும் இயக்கம் 1977-ல் தொடங்கியது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. நாற்பது வருஷம் கழித்து 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு என்ன சொன்னது? இந்தியாவில் விற்கும் செரலாக்கில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள், ஐரோப்பாவில் விற்பதில் சேர்க்கவில்லை என்று. சத்தம் வந்த பிறகுதான் இங்கே சர்க்கரை சேர்க்காத வகைகளை அறிவித்தார்கள். சீனாவில் 2008-ல் நடந்தது இன்னும் மோசம். பாலில் புரதம் எவ்வளவு என்பதை நைட்ரஜனை வைத்து அளப்பார்கள். தண்ணீர் கலந்த பாலில் மெலமைனைப் போட்டால் நைட்ரஜன் ஏறும், டெஸ்ட் பாஸ். மார்ச் 31 அன்று மட்டும் பேலன்ஸ் ஷீட்டை ஜோடிப்பார்களே, அதே வித்தை. ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

ஆகவே ஒரு அம்மாவோ அப்பாவோ "இவர்களை நம்ப முடியாது, நானே செய்கிறேன்" என்று தொழிலில் இறங்குவதற்கு முழு நியாயம் இருக்கிறது. பொள்ளாச்சியில் ஹேமப்ரியா என்ற மருத்துவர் குழந்தை வளர்ப்பு பற்றி எழுத ஆரம்பித்து, அதிலிருந்து குழந்தை உணவு நிறுவனம் நடத்தும் நிலைக்கு வந்தார். 2016-ல் மேகனா நாராயண், ஷௌரவி மாலிக் என்ற இரண்டு அம்மாக்கள் சிறுதானியத்தை வைத்து ஸ்லர்ப் ஃபார்ம் தொடங்கினார்கள். எனக்கு இவர்கள் மேல் மரியாதைதான். பெண்கள் தொழில் தொடங்கக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். கடன் கொடுப்பதுதான் ஐயா என் பிழைப்பே.

நான் கேள்வி கேட்பது, அந்தக் கதையே சான்றிதழாகிவிடுவதை.

இந்தக் கதையின் மூலப்பிரதி அமெரிக்காவில் இருக்கிறது. 1927-ல் மிச்சிகனில் டோரதி கெர்பர் என்ற அம்மா தன் கைக்குழந்தைக்குக் காய்கறியை மசித்து வடிகட்டி அலுத்துப்போய், கணவர் குடும்பத்தின் டப்பா உணவு ஆலையிலேயே இதைச் செய்யக் கூடாதா என்று கேட்டார். அடுத்த வருஷம் கெர்பர் குழந்தை உணவு கடைக்கு வந்தது. 2007-ல் அந்தக் கம்பெனியை வாங்கியது யார் தெரியுமா? நெஸ்லே. சமையலறைக் கதையும் சேர்ந்தே கைமாறிவிட்டது. 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று, குழந்தை உணவில் ஆர்செனிக், ஈயம், காட்மியம் இருப்பதைப் பற்றி அறிக்கை கொடுத்தபோது அதில் கெர்பர் பெயரும் இருந்தது.

சரி, அது பழைய கம்பெனி என்பீர்கள். பைஹார்ட் புதிய கம்பெனி. தாய்ப்பாலுக்கு இன்னும் நெருக்கமான பால்மாவு செய்கிறோம் என்று 2016-ல் உடன்பிறந்த இருவர் தொடங்கியது. பெரிய கம்பெனிகள் மேல் நம்பிக்கை போன பெற்றோர் தேடிப்போய் வாங்கினார்கள். 2025 நவம்பரில் குழந்தைகளுக்கு பாட்டுலிசம் என்ற நரம்பைத் தாக்கும் நோய் வந்து, விற்ற மாவு அத்தனையையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நல்லெண்ணம் இருந்தது. கிருமிக்கு அது தெரியவில்லை.

பாட்டிலுக்கும் இதே கதைதான். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலிருந்து பிஸ்ஃபெனால்-ஏ கசிகிறது என்று கனடா 2008-ல் கிளப்பியது. ஐரோப்பா 2011-லும் அமெரிக்கா 2012-லும் பால் பாட்டிலில் அதைத் தடுத்தன. நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2015-ல் ஐ.எஸ். 14625-ஐத் திருத்தித் தடுத்தது. ஆக, முறையாக ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்கிய எந்த பிளாஸ்டிக் பாட்டிலிலும் அது இருக்கக் கூடாது. அதைப் போய் ஏதோ தனிச் சிறப்பு மாதிரி பெரிய எழுத்தில் போட்டு இரண்டு மடங்கு விலை வைக்கிறார்கள். பதிலுக்கு வந்த பாலிப்ரொப்பிலீன் பாட்டிலில் சுடு பால் கலக்கினால் என்ன ஆகும் என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சோதித்தார்கள். லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை பிளாஸ்டிக் துகள்கள் என்று 2020-ல் முடிவு வந்தது. அதனால் உடம்புக்கு என்ன ஆகும் என்பது வேறு ஆராய்ச்சி. ஆனால் 'அது இல்லை' என்ற ஸ்டிக்கர் 'வேறு எதுவும் இல்லை' என்று சொல்லவில்லை, கவனியுங்கள். (சுடு பாலைக் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ கலந்து, ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள். காசு செலவில்லாத வேலை.)

நம் வீட்டுப் பாலாடையை நினைத்துப் பாருங்கள். இங்கே தெலுங்கில் உக்கு கின்னெ என்பார்கள். மூடி இல்லை, ரப்பர் இல்லை, கிருமி ஒளிய மூலை இல்லை. கொதிக்க வைத்துக் கழுவினால் முடிந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றும் ஆஸ்பத்திரியில் பாலாடையில் ஊட்டுகிறார்கள். பழசு என்பதற்காக இல்லை, கழுவ முடிகிறது என்பதற்காக. சரிபார்க்கக் கூடிய பாதுகாப்பு என்றால் அது.

இப்போது சட்டம். குழந்தைப் பால் மாற்று, பால் பாட்டில், குழந்தை உணவு பற்றி 1992-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. 2003-ல் இறுக்கினார்கள். இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கான உணவுக்கும் பாட்டிலுக்கும் விளம்பரமே செய்யக் கூடாது. உணவு லேபிளில் குழந்தை படமோ பெண் படமோ கூடாது. டாக்டருக்கு அன்பளிப்பு கூடாது. பாட்டிலுக்குத் தர முத்திரை கட்டாயம். விளம்பரத் தடையை மீறினால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பன்னாட்டுக் கம்பெனிக்கு மட்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. இன்ஸ்டாகிராமில் ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு "எட்டு மாதத்துக்கு இந்த மாவு, இந்தக் கூப்பன்" என்று சொல்லும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான். 'அம்மா' என்பதால் விளம்பரம் அனுபவப் பகிர்வு ஆகிவிடாது.

அந்த மேனகூரு பெண்மணி ரிப்போர்ட்டைத் திருத்திக்கொண்டு மறுபடி வந்தார். குழந்தை படம் போய்விட்டது. பேட்ச் பரிசோதனைச் செலவு வந்துவிட்டது. கடன் தொகை 'சிசு'வைத் தாண்டி அடுத்த பிரிவுக்குப் போனது. பாக்கெட் விலையும் ஏறியது. "இந்த விலைக்கு யார் சார் வாங்குவாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம், வாங்குகிறவர்கள். ஐந்நூறு ரூபாய்க்குப் பரிசோதித்த மாவையும் முந்நூறுக்குப் பரிசோதிக்காத மாவையும் வைத்தால், "ஹோம்மேட்தானே, எதுக்கு இவ்வளவு விலை?" என்று பேரம் பேசுகிறவர்கள் நாம்தான். நேர்மையாகச் செலவு செய்கிறவளைச் சந்தையை விட்டுத் துரத்திவிட்டு, கலப்படம் பெருகிவிட்டது என்று அழுவதில் என்ன பிரயோஜனம்?

கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். 2025 ஜனவரியிலிருந்து அங்கே விற்கும் குழந்தை உணவில் ஈயம், ஆர்செனிக் போன்றவற்றின் பரிசோதனை முடிவைக் கம்பெனி தன் தளத்தில் எல்லோரும் பார்க்க வைக்க வேண்டும். நம் ஊரில் அந்தச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். கேட்க ஆரம்பிப்போம்.

ஒன்று, இந்த பேட்சின் பரிசோதனை அறிக்கை எங்கே, எந்த ஆய்வகம்? இரண்டு, எதற்கெல்லாம் பரிசோதித்தீர்கள்: ஈரப்பதம், கிருமி, அஃப்ளடாக்ஸின், ஈயம்? மூன்று, பாட்டில் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் எங்கே? நான்கு, ஏதாவது தவறானால் இந்த பேட்சை எப்படித் திரும்பப் பெறுவீர்கள்? டப்பாவில் இருக்கும் 14 இலக்க உணவு உரிம எண்ணைக் காட்டி வாயை அடைப்பார்கள். அந்த எண் தொழில் பதிவானதைச் சொல்கிறது. உங்கள் கையில் இருக்கும் பாக்கெட் பரிசோதிக்கப்பட்டதா என்று சொல்லாது.

இந்த நாலுக்கும் பதில் வைத்திருக்கிற அம்மாவிடம் கூட இருநூறு கொடுத்து வாங்குங்கள். அவர்தான் உண்மையில் நம் குழந்தைக்காகச் செய்கிறார். கேள்வியைக் கேட்டதும் "நானும் ஒரு அம்மாதான், என்னை நம்ப மாட்டீர்களா?" என்று கண் கலங்குகிறவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கடன் வாங்க வருகிறவர் கண் கலங்கினால் நாங்களும் டீ வாங்கிக் கொடுப்போம். பேலன்ஸ் ஷீட்டைக் கேட்காமல் விட மாட்டோம்.

பி.கு: பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று நாக்கில் தேன் தடவும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். மேலே சொன்ன பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் தேனிலும் இருக்கலாம். ஒரு வயது முடியும் வரை தேன் வேண்டாம். அதைச் செய்வது உங்கள் சொந்தப் பாட்டியாகவே இருந்தாலும் சரி.