காட்டுக் காப்பி மரம்

மொரீஷியஸ் தீவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தொலைவில் ரொட்ரீக்ஸ் என்னும் சிறு தீவு உள்ளது. அதன் பரப்பு 108 சதுர கிலோமீட்டரே. அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போலக் கத்தோலிக்கர்கள். அத்தீவையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளராத மரமொன்றை அன்பர்கட்கு இம்மாதம் அறிமுகம் செய்கிறோம்.

அதன் பெயர் காபே மரோன். காட்டுக் காப்பி எனலாம். காப்பிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரம். விண்மீன் வடிவில் வெண்ணிறப் பூக்கள் பூக்கும். காடுகள் அழிந்தன, ஆடுகள் தளிர்களை மேய்ந்தன. 1940-களுக்குப்பின் அம்மரம் எவர் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போயிற்று என்றே அறிஞர்கள் எழுதிவிட்டனர்.

1980-இல் பள்ளி ஆசிரியர் ஒருவர் அதன் பழைய படத்தை வகுப்பில் காட்டினார். மாணவன் ஒருவன், இதை நான் பார்த்திருக்கிறேன் என்று கூறி ஒரு கிளையைக் கொண்டுவந்தான். அதே மரந்தான்! ஆனால் தீவு முழுவதும் தேடியும் மற்றொன்று கிடைக்கவில்லை.

செய்தி பரவியதும் மரத்துக்குப் புதிய இடர் வந்தது. மதுமயக்கத்தையும் வேறு சில பிணிகளையும் அது தீர்க்கும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. ஆதலால் இலையையும் கிளையையும் ஒடித்துச் சென்றனர். வேலி போட்டார்கள், வேலியைக் கண்டு, உள்ளே அரிய பொருள் உண்டென்று ஏறிக் குதித்தோரும் இருந்தனர். மேலும் வேலிகள் எழுப்ப வேண்டியதாயிற்று. அம்மக்களைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. கைமருந்துக்கென வேப்பம்பட்டையை உரிப்போர் நம்மிடையேயும் உண்டல்லவா?

1986-இல் சில கிளைத்துண்டுகள் இங்கிலாந்திலுள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. ஒன்றே வேர் பிடித்தது. அதிலிருந்து பல செடிகளை உண்டாக்கினர். அவை யாவும் பூத்துக் குலுங்கின, ஒன்றேனும் காய்க்கவில்லை. விதையின்றி ஒரே மரத்தின் நகல்களாகவே எத்தனை காலம் காப்பது? இவ்வாறு ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் கழிந்தன. பின்னர் அப்பூங்காவின் கார்லோஸ் மக்தலேனா என்பவர் மகரந்தத்தைக் கையால் இட்டு, மீண்டும் மீண்டும் முயன்று, 2003 அளவில் முதல் கனிகளைப் பெற்றார். விதைகள் முளைத்தன. நாற்றுகள் வளர்ந்து பூத்தபின் மேலும் விதைகள் கிடைத்தன. அவை ரொட்ரீக்ஸ் தீவுக்கும் அனுப்பப்பட்டு, அங்கே இளமரங்கள் வளர்ந்துள்ளன.

அவ்விளஞ்செடிகளின் இலைகள் வியப்புக்குரியவை. வளர்ந்த மரத்தின் இலை பசுமையாய் அகன்றிருக்க, இவற்றினது பழுப்பு நிறத்தில் குச்சிபோல் ஒடுங்கியிருக்கும். தழை மேயும் பேராமைகளின் கண்ணுக்குத் தப்பவே இவ்வேற்பாடு என்பர். அத்தீவுக்கே உரிய பேராமைகள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயின. இலைகள் இன்னும் அவ்வாறே துளிர்க்கின்றன.